குந்தவை வாங்காத நோட்டீஸ்

தஞ்சாவூர்,
3 அக்டோபர் 2024

குந்தவை அவர்களுக்கு,

நீடாமங்கலம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து புளிச்சோறு பிடுங்கித் தின்றவளுக்கு என்ன ‘அவர்கள்’ வேண்டிக்கிடக்கிறது என்று நீ கேட்கலாம். என் நம்பரை பிளாக் செய்தவளுக்கு வேறு எப்படி எழுதுவதாம்? நீ வேலை பார்க்கும் காலேஜ் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், ஒப்புகை அட்டையோடு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். தபாலில் போடாமல் விட்டதன் பலனை ஒரு தடவை பார்த்தாயிற்று.

அப்பாவின் வலது கையை முந்தாநாள் இங்கே பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். முழங்கைக்கு மேலே. காப்பாற்றிவிடலாம் என்றுதான் டாக்டர்கள் பார்த்தார்கள், வெட்டு எலும்பைத் தாண்டிப் போயிருந்ததால் முடியவில்லை. நடவு ஆட்களில் முருகையன் கை போல நேர் பிடிக்கும் கை கிடையாது என்று உங்கள் வீட்டில்தான் சொல்வார்கள். அந்தக் கைதான்.

நீ கூட்டத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன். நம் ஊர் உழவர் கம்பெனியின் மில்லையும் நெல் காய வைக்கும் டிரையரையும் முப்பது வருஷக் குத்தகைக்கு ஒரு வெளியூர் வியாபாரியிடம் தூக்கிக் கொடுக்க உன் சித்தப்பா தமிழரசன் ஏற்பாடு செய்திருந்தார். அவர்தான் சேர்மன். மெம்பர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால், வேறு வழியில்லாமல் அவரே நோட்டீஸில் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினார். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி, மில் களத்தில். குத்தகை ரத்து என்ற தீர்மானமும் ஜெயித்தது, சேர்மனை மாற்றுகிற தீர்மானமும் ஜெயித்தது. செக்ரட்டரி என்ற முறையில் நான் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அண்ணன் சதீஷ் பைக்கைக் களத்துக்குள்ளேயே விட்டுக்கொண்டு வந்து இறங்கினான். சாராய நாற்றம் மேடை வரைக்கும் அடித்தது.

“எங்கப்பா செத்த ஈரம் காயல. எங்க வூட்டுக்குச் சொல்லாம கூட்டமாடி போடுற?” என்று கேட்டுக்கொண்டே முதுகுப் பக்கமிருந்து அருவாளை உருவினான். அப்பா குறுக்கே பாய்ந்தார். நான் வாசித்துக்கொண்டிருந்த தாளில் ரத்தம் தெறித்து மீதி எழுத்து தெரியாமல் போய்விட்டது.

இப்போது உன் சித்தப்பா சென்னையில் கம்பெனி டிரிப்யூனலுக்குப் போயிருக்கிறார். செத்துப்போன மெம்பர் ரெங்கசாமியின், அதாவது உன் அப்பாவின், வாரிசுக்கு வேண்டுமென்றே நோட்டீஸ் கொடுக்கவில்லையாம், அதனால் கூட்டமே செல்லாதாம். உன் அப்பா நாமினியாகப் போட்டது சதீஷை இல்லை, உன்னை. நோட்டீஸ் வர வேண்டியது உன் கைக்கு. நான் கொண்டுவந்தேன். நீ வாங்காமல் கையை ஆட்டிப் போகச் சொன்னாய். நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. டிரிப்யூனலில் வந்து அதைச் சொல். நான் கேட்பது அவ்வளவுதான்.

செம்மொழி


தஞ்சாவூர்,
9 அக்டோபர் 2024

செம்மொழிக்கு,

உன் பதிவுத் தபாலைக் கோர்ட் சம்மன் என்று நினைத்துக் காலேஜ் ஆபீஸே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. சந்தோஷம்தானே உனக்கு?

உன் அப்பா கைக்கு என்ன சொல்வது? எனக்கு ஆறவில்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏனென்றால் நீ எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. அண்ணனைப் பிடித்து மில் தூணில் கட்டி உங்கள் ஆட்கள் உலக்கையால் அடித்ததை ஏன் எழுதவில்லை? விலா எலும்பு முறிந்து, மூச்சு விட்டால் விசில் சத்தம் வருகிறது அவனுக்கு. அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் தெருவிலிருந்து ஒரு கும்பல் வந்து எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்தியது. அடுத்த கொட்டகையில் சினைப்பசு கட்டிக் கிடந்தது. கயிற்றை அறுத்துக்கொள்ள முடியாமல் நின்ற இடத்திலேயே வெந்து செத்தது. அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு நான் கொல்லைக் கிணற்றடியில் நின்றேன். தீயை அணைக்க ஒரு பயல் வரவில்லை.

நோட்டீஸ் கதைக்கு வருகிறேன். அப்பா செத்த மூன்றாம் நாள் நீ வந்தாய். பந்தலில் எங்கள் சாதிசனம் அத்தனையும் உட்கார்ந்திருந்தது. இழவு வீட்டில் வருகிறவரை ‘வாங்க’ என்று கூடக் கேட்பதில்லை, போகிறவர் ‘போய் வருகிறேன்’ என்பதில்லை. கருமாதி முடிகிற வரைக்கும் வெளியாள் கையிலிருந்து ஒரு காகிதம் உள்ளே வரக் கூடாது. அது உனக்குத் தெரியாதா? நான் கையை ஆட்டினேன்தான். அந்த வீட்டில் பிறந்த எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அதற்காக, அதோடு முடிந்தது என்று நீங்கள் பாட்டுக்குக் கூட்டம் போட்டு எங்கள் சித்தப்பாவை இறக்கிவிடுவீர்களா? கருமாதி கழித்து வந்து கொடுக்க என்ன கேடு?

நான் சித்தப்பா கொடுக்கிற பேப்பரில் கையெழுத்துப் போடப்போகிறேன். எங்கள் வக்கீல் சொல்கிறார், நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று ஆகிவிட்டால் அண்ணனின் கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைக்குமாம், தண்டனை குறையுமாம். எனக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம். அம்மாவும் இல்லை, அப்பாவும் போய்விட்டார்.

இனிமேல் காலேஜுக்கு எழுதாதே. எழுதித்தான் தீர வேண்டும் என்றால் சாதாரணத் தபாலில் போடு.

குந்தவை


கரையிருப்பு,
15 அக்டோபர் 2024

குந்தவை,

இதுவும் பதிவுத் தபால்தான். சாதாரணத் தபாலை நம்பி மோசம் போக நான் தயாராக இல்லை.

கருமாதி கழித்து வர என்ன கேடு என்று கேட்டாயே, கேள். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது பதினாலு நாள் முன்னால் நோட்டீஸ் மெம்பர் கைக்குப் போயாக வேண்டும். சட்டம் அது. வியாபாரி போன மாதம் இருபத்தைந்தாம் தேதி குத்தகைப் பத்திரம் பதிய நாள் குறித்திருந்தான். பதிந்த பிறகு நாங்கள் கூட்டம் போட்டு யார் தலையைத் தடவ? உங்கள் வீட்டுக் கருமாதிக்குக் காத்திருந்தால் நாள் போதாது. அதனால்தான் மூன்றாம் நாளே வந்தேன். மானம் வெட்கம் இல்லாமல் ஒன்றும் வரவில்லை.

உள்ளே வந்து கையில் திணித்திருக்கலாமே என்று எங்கள் வக்கீல் ஜாஃபர் சாதிக் கேட்கிறார். மனிதருக்குக் கும்பகோணம் டவுன், அவருக்கு என்ன தெரியும்? எங்கள் தெருவிலிருந்து எவர் உங்கள் வீட்டு இழவுக்கு வந்தாலும் நிற்கிற இடம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி. அங்கேதான் நின்றேன். கம்பெனி முத்திரை தெரியும்படி கவரை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். நீ பார்த்தாய். இடது கையை ஆட்டினாய், தலையையும் ஆட்டினாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த வீட்டில் போய் இப்படி நிற்கிறோமே என்று கூசிப்போய்த் திரும்பினேன். கையெழுத்து வாங்கும் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதவும் மனசு வரவில்லை. தபாலில் போடவும் தோன்றவில்லை. தபால்காரர் கொண்டுவந்தால் மட்டும் அது காகிதம் இல்லையா என்று நினைத்தேன். ஜாஃபர் சாதிக் தலையில் அடித்துக்கொள்கிறார். “நீட்டினதை வாங்க மறுத்தா குடுத்த மாதிரிதாம்மா. தவறிப்போய் ஒருத்தருக்கு விட்டுப்போனாக்கூட கூட்டம் நிக்கும். தெரிஞ்சே விட்டீங்கன்னு அவங்க நிரூபிச்சாத்தான் போச்சு. அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா எல்லாம் முடிஞ்சிடும்” என்கிறார்.

மில் போனால் என்ன ஆகும் தெரியுமா? தையில் மழை பிடித்துக்கொண்டால் ஈர நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் வாரக்கணக்கில் கிடந்தோமே, மறுபடி அதுதான். மூட்டை முளைத்து நாறும். குத்தகைக்கு நட்டவனெல்லாம் மருந்து குடிப்பான். உங்கள் தெருவிலும் குடிப்பான், எங்கள் தெருவிலும் குடிப்பான்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் இரண்டு பேர் என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கடைப் படியில் மோதினார்கள். “நோட்டீஸ் குடுக்கிறியா, நோட்டீஸ்?” என்று கேட்டுக் கேட்டு மோதினார்கள். முன்பல் போய்விட்டது. முகம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. சுற்றி நின்ற ஜனம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டது.

செம்மொழி


தஞ்சாவூர்,
22 அக்டோபர் 2024

செம்மொழி,

பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். “எவனாவது செஞ்சிருப்பான். நீ உன் வேலையப் பாரு” என்றார். அவர் குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது.

கவரில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி முத்திரை தெரியாதா எனக்கு? கம்பெனி தொடங்கியபோது அப்பா அதைச் செய்து கொண்டுவந்த அன்றைக்கு எல்லார் உள்ளங்கையிலும் குத்திக் காட்டினார். கூட்ட நோட்டீஸ் என்று தெரிந்துதான் போகச் சொன்னேன். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் உன்னைப் பார்த்துவிட்டால் அடித்துப்போடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

ஆனால் என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? போன வாரம் அண்ணனைப் பார்க்கத் திருச்சி ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சாப்பிட்டாயா என்று கூடக் கேட்காமல், “கையெழுத்துப் போட்டுட்டியா?” என்றான். முருகையனுக்குக் கையை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். “அவ கழுத்துக்குத்தான் வச்சேன். அந்தாளு கைதான் குறுக்க வந்துட்டு” என்றான். எதிரே வந்த மாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். அவ என்றால் நீ.

அப்படிப்பட்டவன்தான். ஆனால் என் அண்ணன். காய்ச்சலில் நான் கிடந்தபோது வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டவன். அவனை நானே உள்ளே தள்ளிப் பூட்டுவதா?

தீபாவளி கழியட்டும் என்று சித்தப்பாவிடம் தவணை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை, தவணைதான் இருக்கிறது.

குந்தவை


கரையிருப்பு,
29 அக்டோபர் 2024

குந்தவை,

என் கழுத்துக்கு வைத்தான் என்று தெரியும். அருவாள் வந்த உயரத்தை நான் பார்த்தேனே. ஆனாலும் நீ எழுதிப் படித்தபோது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இல்லாத கை அரிக்கிறது என்கிறார். சொறிந்து விடு என்கிறார். எங்கே சொறிவது? பாயைச் சொறிந்து காட்டுகிறேன். “இன்னும் கொஞ்சம் கீழ” என்கிறார். எனக்கு உன் அண்ணனைக் கடித்துத் துப்பலாம் போல வெறி வருகிறது.

இங்கே நல்லது ஒன்றும் நடக்கவில்லை. யாரோ டிரையருக்குள் மணலைக் கொட்டி மோட்டாரை எரித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நம் மெம்பர்கள் சிலர் வியாபாரியின் லாரியை மறித்து டிரைவரின் முழங்காலைக் கடப்பாரையால் உடைத்துவிட்டார்கள். அவன் விருத்தாசலத்துக்காரன், சம்பளத்துக்கு ஓட்டுகிறவன், தமிழரசன் யார் என்று கூடத் தெரியாதவன். நான் போய்ப் பார்த்தேன். “நான் என்னக்கா பண்ணினேன்?” என்று அழுதான். தலை நிமிர முடியவில்லை என்னால்.

தம்பி வளவன் பெண்டாட்டியோடு திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். வந்ததிலிருந்து யாரோடும் பேச்சில்லை. அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிடுகிறான், எழுந்து போய் வாசலில் உட்கார்கிறான். “விடுடா, போனது போச்சு” என்று அப்பா சொன்னால், “சரிப்பா” என்கிறான். அந்த ‘சரிப்பா’வை நான் நம்பவில்லை.

உன்னை நான் கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமும் இல்லை. உன் அண்ணனைக் காட்டிக்கொடு என்று கேட்கவும் இல்லை. வேப்பமரத்தடியில் நடந்ததை நடந்தபடி சொல் என்கிறேன். அதனால் அவனுக்கு என்ன வருகிறதோ அது அவன் வெட்டின வெட்டுக்கு வருவது, உன் வாயால் வருவது இல்லை.

செம்மொழி


தஞ்சாவூர்,
14 நவம்பர் 2024

செம்மொழி,

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது என்னோடு வேலை பார்க்கும் கவிப்ரியா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று பொறாமைப்படாதே. கண்டபடி திட்டினால் எழுத மாட்டேன் என்கிறாள், அதனால் பாதிதான் எழுத்தில் வரும்.

சித்தப்பா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஊர் வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். ‘நோட்டீஸ் தருவதற்கு எவரும் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை’ என்று அடித்து வைத்திருந்தார். “வந்துச்சே சித்தப்பா, நான்தான் வாங்கல” என்றேன். “அதெல்லாம் உனக்கு எதுக்கு? போடு” என்றார். “வரவே இல்லைன்னு எப்படிப் போடுறது?” என்றேன். கன்னத்தில் ஒரு அறை விட்டார். பேனாவை என் விரலில் திணித்து, கையைப் பிடித்துத் தாள் மேல் அழுத்தினார். நான் தாளைக் கிழித்துவிட்டேன். அப்புறம் அவர் என்னை இழுத்துக்கொண்டு போய், வலது கையை பீரோவின் சட்டத்தில் வைத்து இரும்புக் கதவால் அறைந்தார். ஒரு தடவை இல்லை. “கையெழுத்துப் போடாத கை எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே அறைந்தார். மணிக்கட்டு இரண்டாகப் போய்விட்டது. சித்தி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கடைசி வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அந்தாளை நான் கோர்ட்டில் நாறடிக்காமல் விடமாட்டேன். (கவிப்ரியா, இதை எழுது. எழுதினாயா?) டிசம்பர் பன்னிரண்டாம் தேதி டிரிப்யூனலில் நேரில் ஆஜராகி, செம்மொழி வந்தாள், கவரைக் காட்டினாள், நான் மறுத்தேன் என்று சொல்கிறேன். ஜாஃபர் சாதிக்கிடம் பேசிவிட்டேன்.

உனக்காகச் சொல்லவில்லை, நன்றி கின்றி என்று எழுதிவிடாதே. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அண்ணனுக்கு ஐகோர்ட்டில் ஜாமீன் கிடைத்துவிடும் போலிருக்கிறது. தினமும் காலையில் நீடாமங்கலம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவனைச் சட்டத்துக்குக் கொடுக்கிறேன் செம்மொழி, அருவாளுக்குக் கொடுக்கவில்லை. பத்து வருஷம் ஜெயிலில் கிடக்கட்டும், உயிரோடு கிடக்கட்டும். உங்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் அவன் பக்கம் போகக் கூடாது. உன் தம்பியைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய். அவன் மூச்சு மாறினால் கூட நீ எனக்குச் சொல்ல வேண்டும். இந்த வாக்கைக் கொடுத்தால்தான் நான் சென்னைக்குப் போவேன்.

குந்தவை (இடது கையால் நானே போட்டது)


கரையிருப்பு,
20 நவம்பர் 2024

குந்தவை,

உன் இடது கைக் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். நன்றி என்று எழுதவில்லை, அழுதேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். சண்டைக்கு வராதே.

வாக்குக் கொடுக்கிறேன். வளவனிடம் அப்பாவை வைத்துக்கொண்டே பேசினேன். “அந்தப் பொண்ணு தன் கைய ஒடச்சுக்கிட்டு நமக்காக நிக்கிது. நீ அவ அண்ணன் பக்கம் போனீன்னா நான் உனக்கு அக்கா இல்ல” என்றேன். தலையை ஆட்டினான். ஏதாவது என் காதில் விழுந்தால், அடுத்த நிமிஷம் உனக்குச் சொல்வேன். இது அப்பா மேல் ஆணை.

என் நம்பரைத் திறந்துவிடு. கடிதம் போய்ச் சேர நாளாகும். சென்னைக்குப் போகிற அன்று மட்டுமாவது போன் வேண்டும்.

செம்மொழி


தஞ்சாவூர்,
2 ஜனவரி 2025

செம்மொழி,

கட்டுப் பிரித்துவிட்டார்கள், நானே எழுதுகிறேன்.

டிரிப்யூனலில் சொன்னேன். நீட்டினாள், பார்த்தேன், நோட்டீஸ் என்று தெரிந்துதான் மறுத்தேன் என்றேன். சித்தப்பாவின் வக்கீல், “நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள், சரியாகப் பார்த்திருக்க முடியாது” என்று சுற்றிச் சுற்றி வந்தார். துக்கத்தில் கண் குருடாகிவிடுமா என்று கேட்டேன். வெளியே வந்து போனைத் திறந்தபோது இருபது முப்பது அழைப்பு வந்திருந்தது. எல்லாம் ஊர் நம்பர்.

நான் உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அண்ணன் பைக்கோடு கேட்டில் நின்றிருக்கிறான். முன்னால் லாரி, பின்னால் பஸ், அசைய இடமில்லை. உன் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். முதல் வெட்டு ஹெல்மெட்டில் பட்டது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றச் சொல்லி வெட்டினார்களாம், செம்மொழி. கேட் திறக்கிற வரைக்கும் வெட்டினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது முகம் என்று ஒன்று இல்லை, கால் விரலைப் பார்த்துத்தான் அண்ணன் என்று சொன்னேன். சித்தப்பா சுடுகாட்டுக்கு வரவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன்.

ஒரே ஒரு கேள்வி. பதினொன்றாம் தேதி மதியம் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் நீ போன் செய்து, “ஏறிட்டியா? சாப்பிட்டியா? தைரியமா சொல்லு” என்றாய். உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. நாளைக்கு நடக்கப்போவதை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

உனக்கு அப்போது தெரியுமா?

குந்தவை


கரையிருப்பு,
20 ஜனவரி 2025

குந்தவை,

தெரியும்.

உன் கடிதம் வந்து இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

பதினொன்றாம் தேதி பிற்பகல் வளவன் தன் பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினான். கூரை இடுக்கில் இருந்த அருவாள் இல்லை. “எங்கடா?” என்றேன். “நாளைக்கு கேட்டு மூடுற நேரத்துக்கு முடிச்சிடுவோம். நீ உன் கோர்ட்ட பாரு, நான் என்னோடத பாத்துக்கறேன்” என்றான். காலில் விழுந்தேன். எட்டி உதைத்துவிட்டுப் போனான். உடனே உனக்குப் போன் போட்டேன். சொல்லத்தான் போட்டேன். நீ “ஹலோ” என்றாய். பின்னால் பஸ்ஸில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சொன்னால் நீ அங்கேயே இறங்கித் திரும்பிவிடுவாய், மறுநாள் டிரிப்யூனலில் உன் வாய் இருக்காது, மில் போய்விடும் என்று தோன்றியது. சொன்னால் உன் ஆட்கள் முந்திக்கொண்டு வளவனை வெட்டிவிடுவார்கள் என்றும் தோன்றியது. இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உன் அண்ணன் வெட்டுப்பட்டுச் சாகட்டும் என்றும் எனக்குள் இருந்தது. பாயைச் சொறிந்து சொறிந்து எனக்குள் அது ஊறிப்போயிருந்தது. “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்பா மேல் ஆணையிட்டுக் கொடுத்த வாக்கு அது.

ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் உன் அண்ணன் உயிரோடு இருந்திருப்பான், என் தம்பியும் கொலைகாரனாகாமல் இருந்திருப்பான். அதையும் நான் செய்யவில்லை.

கூட்டம் செல்லும் என்று பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்தது. குத்தகை ரத்து. மோட்டாரை மாற்றி டிரையரை ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், சம்பா நெல் வருகிறது. நான் மில் பக்கம் போகவில்லை, செக்ரட்டரி வேலையை ராஜிநாமா செய்துவிட்டேன்.

வளவனை போலீஸ் தேடிக்கொண்டே இருந்தது. எங்கே இருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும், செலவுக்கு என்னிடம்தான் ஆள் அனுப்புவான். நேற்றுக் காலை ஸ்டேஷனுக்குப் போய் இடத்தைச் சொன்னேன். இதைச் செய்த பிறகுதான் உனக்கு எழுதுவது என்று இருந்தேன். வெட்டுக்கு முதல் நாள் அவன் என்னிடம் சொன்னதையும், நான் யாருக்கும் சொல்லாமல் இருந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னையும் கேஸில் சேர்ப்பார்களாம். சேர்க்கட்டும். மத்தியானம் அவனைக் கொண்டுவந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தான். “அக்கா, நீயா?” என்றான்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, அதற்கு எனக்கு வாய் கிடையாது. நீ கேட்டாய், பதில் சொல்ல வேண்டியவள் நான். இதை நீ வேண்டுமானால் போலீஸில் கொடு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “ஒரு கைய அவன் எடுத்தான். இன்னொன்ன நீ எடுத்துட்டே” என்றார். தட்டில் சோறு போட்டு அவர் இடது கைப்பக்கம் வைத்தேன். தொடவில்லை.

செம்மொழி